கால்சட்டையில் ஓர் அங்குலம்: தெரியுமா இந்தச் சங்கதி?

கூர்மூக்குக் காலணி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரக் கூடாது என்று 1215-லேயே தடை போட்டிருக்கிறார்கள், தெரியுமா? அதுவும் வாத்தியார்களுக்கு! பாரீஸ் பல்கலைக்கழகத்தைச் சீர்படுத்தப் போப்பின் தூதராக வந்த கர்தினால் ராபர்ட் டி கூர்சோன் அந்த ஆண்டு ஆகஸ்டில் விதிகள் எழுதிக் கொடுத்தார். கலைப்பாடம் சொல்பவர் கறுப்பு மேலங்கிதான் அணிய வேண்டும். அது வட்டமாக வெட்டப்பட்டுக் கணுக்கால் வரை இறங்க வேண்டும். அதற்குக் கீழே நீள மூக்குக் காலணி எட்டிப் பார்க்கக் கூடாது. கணுக்கால் நீளம் பற்றிச் சொன்ன இடத்தில் கர்தினால் ஒரு சலுகையும் சேர்த்தார். அங்கி புதிதாக இருக்கும்போதாவது அந்த நீளம் இருக்கட்டும் என்றார். துவைக்கத் துவைக்கத் துணி சுருங்கும், ஓரம் தேயும், ஏழை வாத்தியார் என்ன செய்வார் என்று 800 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்த விதி! சீருடை விதி எழுதும் ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்.

அதே 1215 நவம்பரில் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இன்னும் விரிவாகப் போனது. திருச்சபைப் பணியில் இருப்பவர்கள் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் உடுத்தக் கூடாது. சட்டைக் கை நீளமாகத் தொங்கக் கூடாது. கூர்மூக்குக் காலணி இங்கேயும் கூடாது. உடை ரொம்பக் குட்டையாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப நீளமாகவும் இருக்கக் கூடாது. அன்று பல்கலைக்கழக மாணவர்களையும் திருச்சபையாரின் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். ஆகவே இந்த விதி அவர்கள் தலையிலும் விழுந்தது. 1222-ல் கான்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன், முன்பக்கம் மூடிய மேலங்கியைக் கட்டாயமாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிச் சீருடையின் கதையை எழுதுகிறவர்கள் பலரும் அந்த அங்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்தப் பழைய தடைகளை வரிசையாகப் படித்தாலே போதும், அந்தக் காலத்துப் பையன்கள் தெருவில் என்னென்ன போட்டுக்கொண்டு உலாவினார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இல்லாத ஒன்றை யார் தடை செய்வார்கள்?

இயேசு சபையார் 1599-ல் தங்கள் கல்விக்கூடங்களுக்கென்று வெளியிட்ட பெரிய விதிநூலில், வெளியிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஆயுதம், குத்துவாள், கத்தி எதையும் வகுப்புக்குள் கொண்டு வராதே என்கிறது அது! பெரிய இடத்துப் பிள்ளைக்கு இடுப்பில் வாள் தொங்குவதுதான் அன்றைய அலங்காரம். இன்று பெல்ட்டில் பெரிய பக்கிள் மாட்டிக்கொண்டு வரும் பையனைப் பார்த்துப் பதறும் ஆசிரியர்கள் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்.

இனி நான் சொல்லப்போகிறவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரத்துக்காரர். 1680-ஐ ஒட்டி, ஏழைப் பையன்களுக்குக் கற்பிக்க ஒரு சகோதரர் சபையைத் தொடங்கினார். 1900-ல் புனிதர் பட்டம். 1950-ல் உலகத்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் பாதுகாவலர் என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். நம் தூத்துக்குடியிலும் அவர் பெயரில் பள்ளி உண்டு. இவ்வளவு பெரிய புனிதர், பையன்களின் ஃபேஷனைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? 1703-ல் அவர் வெளியிட்ட கிறிஸ்தவ நன்னடத்தை நூலில், மூக்கு சிந்துவது எப்படி என்பதிலிருந்து உடை உடுத்துவது எப்படி என்பது வரை எல்லாம் இருக்கிறது. அதில் ஃபேஷனுக்கென்று தனி இடம்! ஃபேஷன் என்றாலே பாவம் என்று அவர் எழுதவில்லை. புதுப் பாணியை நீ கண்டுபிடிக்காதே, முதல் ஆளாக ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளாதே, ஊரெல்லாம் விட்ட பிறகும் நீ மட்டும் பழசைப் பிடித்துத் தொங்காதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். காலத்தோடு ஒட்டி நட, துருத்திக்கொண்டு நிற்காதே என்கிறார். 300 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இதைவிட நியாயமான ஒரு விதியை எந்தப் பள்ளிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று கேளுங்கள். லசாலே ஓர் உடைச் சண்டையில் மாட்டியவர்! தன் சகோதரர்களுக்கு அவர் கொடுத்தது குருக்களின் அங்கியும் இல்லை, ஊரார் உடையும் இல்லை. கறுப்பு அங்கி, அதன் மேல் ஷாம்பேன் பகுதிக் குடியானவர்கள் போடும் கனத்த மேலாடை, கையை நுழைக்காமல் தொங்கவிட்ட சட்டைக் கை, தடித்த காலணி. தெருவில் போகும்போது சனங்கள் சிரித்தார்கள். பாரீஸ் பங்குக் குருவோ, ஒழுங்காகக் குருக்களின் உடையைப் போடச் சொல் என்று நெருக்கினார். லசால் அசையவில்லை. எங்கள் உடையை ஏன் மாற்றக் கூடாது என்று உட்கார்ந்து ஒரு தனி அறிக்கையே எழுதினார். அந்த அறிக்கை இன்றும் இருக்கிறது. மேலிடம் சொன்ன உடையை மறுத்து, தன் உடைக்காக வாதாடியவர்தான் ஆசிரியர்களின் பாதுகாவலர். பிடித்துத் தைத்த பேன்ட்டுக்காகப் பையனைத் திட்டும் முன் இதை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

பிடித்துத் தைப்பது என்றதும் தொன் போஸ்கோ நினைவுக்கு வருகிறார். பையன்களின் புனிதர் என்று உலகமே கொண்டாடும் இவர், இளமையில் ஒரு தையல்காரர் வீட்டில் தங்கித் தையல் கற்றவர், தெரியுமா? 1853-ல் தூரின் நகரத்தில் ஆதரவற்ற பையன்களுக்காக அவர் தொடங்கிய முதல் தொழிற்கூடங்கள் எவை? செருப்புத் தைப்பதும் சட்டை தைப்பதும்! அவருடைய சலேசிய சபையார் இந்தியாவில் முதலில் பணி தொடங்கிய ஊரும் நம் ஊர்தான். 1906 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்தார்கள்.

தையல்காரர் இல்லாமல் பள்ளிப் பையனின் ஃபேஷன் ஏது? பள்ளிக்கூடம் துணியின் நிறத்தைச் சொல்லும், கடையைச் சொல்லும், சில இடங்களில் விலையைக்கூடச் சொல்லிவிடும். அளவு மட்டும் பையனுக்கும் தையல்காரருக்கும் நடுவில் நடக்கும் ரகசியப் பேச்சு. "அண்ணே, பாட்டம் பதிமூணு வச்சுப் பிடிச்சுருங்கண்ணே" என்பான் பையன். எழுபதுகளில் அதே பையனின் தாத்தா, பாட்டத்தைத் தரை கூட்டும் அளவுக்கு விரித்து பெல்பாட்டம் தைக்கச் சொன்னார். இடையில் அவன் அப்பா, இடுப்பில் மடிப்பு மடிப்பாக பேகி பேன்ட் போட்டார். மூவருக்கும் துணி அதே காக்கிதான் அல்லது அதே சாம்பல்தான். கத்தரி மட்டும் நகர்ந்திருக்கிறது. மூன்று தலைமுறை ஆண்பிள்ளைகளின் சினிமா ஆசையை ஒரு கால்சட்டையின் அகலத்தில் படிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

நம் கத்தோலிக்கப் பள்ளிகளில், ஃபாதர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்ற செய்தி தாழ்வாரத்தில் பரவும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். "டேய், ஃபாதர் வர்றாருடா, இன் பண்ணுங்கடா!" என்று ஒரு குரல்தான். முன்பக்கம் மட்டும் செருகி, பின்பக்கம் தொங்கவிட்டிருந்த சட்டை நொடியில் உள்ளே போய்விடும். மடித்த கை இறங்கும். காலர் பட்டன் ஏறும். ஃபாதர் மூலை திரும்பியதும் எல்லாம் பழையபடி. கறை படிந்த வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குக் கரும்பலகைச் சாக்பீஸைத் தேய்த்து அசெம்பிளியில் நின்றவர்கள், இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நகை எதுவும் கூடாது என்ற விதிக்குள்ளும் ஒரு வாசல் திறந்திருந்தது. மாதா டாலர் கோத்த செயின், கழுத்தில் உத்தரியம், விரலில் பத்து மணி செபமாலை மோதிரம். இவற்றைக் கழற்றச் சொல்ல ஒரு பிரதருக்கும் மனம் வராது. பிறகு அந்தப் பிறந்தநாள் 'கலர் டிரஸ்'! வெள்ளைச் சட்டைகளின் நடுவே ஒரே ஒருவன் மட்டும் பளபளப்பாக, கையில் சாக்லேட் டப்பாவோடு. ஆண்டுக்கு ஒரு நாள் விதியே விலகி வழிவிடும் இந்த ஏற்பாட்டை எந்தச் சட்டநிபுணரும் மிஞ்ச முடியாது.

தலைமுடிதான் தீராத போர். ஸ்டெப் கட்டிங், ஸ்பைக், மஷ்ரூம், பாக்ஸ், கடைசியில் புள்ளிங்கோ கட்டிங். ஒவ்வொன்றும் வந்த ஆறு மாதத்தில் பள்ளி அறிவிப்புப் பலகையில் பெயரோடு தடை செய்யப்பட்டது. முடிதிருத்துநரைப் பள்ளிக்கே வரவழைத்து உட்கார்த்திய தலைமையாசிரியர்களும் உண்டு. ஆனால் இந்தப் போரில் நாம் ஒன்றுமே இல்லை. எழுபதுகளில் சிங்கப்பூர் அரசு, நீளமுடி வைத்த ஆண்களை வரிசையில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டியது! நெற்றியில் புருவம் தொடக் கூடாது, காதை மூடக் கூடாது, பின்னால் காலரைத் தாண்டக் கூடாது என்று படம் போட்டு விளக்கினார்கள். 1972-ல் லெட் செப்பலின் இசைக்குழு முடியோடு வந்து இறங்க முடியாமல் நிகழ்ச்சியையே கைவிட்டது. நாடே பள்ளிக்கூடமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

கடலைத் தாண்டி லிவர்பூல் போவோம். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், பால் மெக்கார்ட்னி இருவருமே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர்கள். படித்தது நகரத்தின் பெரிய கிராமர் பள்ளியில். அங்கேயும் சீருடைக் கெடுபிடிதான். குழாய் போல ஒடுங்கிய பேன்ட் வேண்டும் என்றார் பால். அப்பா முடியாது என்றார். பையன் என்ன செய்தார்? அப்பா கண்ணுக்குத் தெரியாத அளவில், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டே போனார்! ஜார்ஜ் இன்னும் ஒரு படி மேலே. வீட்டுத் தையல் மிஷினில் தானே உட்கார்ந்து பேன்ட்டை ஒடுக்கினார். பள்ளிச் சட்டைக்கு மேலே மஞ்சள் வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பிற்பாடு உலகமே இந்த இருவரின் தலைமுடியையும் உடையையும் காப்பியடித்தது. தண்டனைக்கு நிறுத்தப்பட்ட பையன்தான் ஊருக்கு ஃபேஷன் சொல்லிக் கொடுப்பான் என்று அந்த ஆசிரியர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

அமெரிக்காவில் 1957 ஒரு விசேஷமான ஆண்டு. சிகாகோ பேராயர் கர்தினால் சாமுவேல் ஸ்ட்ரிச், ராக் அண்ட் ரோல் இசையைக் கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து விலக்கிவைத்தார். அதே ஆண்டில் லீவைஸ் கம்பெனி, பள்ளிக்கு ஏற்றது ஜீன்ஸ் என்று விளம்பரம் போட்டுப் பெற்றோரிடமிருந்து கண்டனக் கடிதங்களை வாங்கிக் கட்டிக்கொண்டது. எல்விஸ் முடியும் ஜீன்ஸும் ஒரே மூச்சில் பெரியவர்களைப் பயமுறுத்திய காலம் அது. சீருடையை அப்போது பெரும்பாலும் தனியார் பள்ளிகளும் கத்தோலிக்கப் பள்ளிகளும்தான் வைத்திருந்தன. பெரிய அரசுப் பள்ளி மாவட்டம் ஒன்று எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் சீருடையைக் கட்டாயமாக்கியது 1994-ல்தான், கலிபோர்னியாவின் லாங் பீச்சில்.

டையின் கோடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பிரிட்டிஷ் பள்ளி டையில் கோடு இடது தோளிலிருந்து, அதாவது இதயப் பக்கத்திலிருந்து, கீழே இறங்கும். அமெரிக்க டையில் வலது தோளிலிருந்து! புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற துணிக்கடை அதைத் திருப்பிப் போட்டு விற்றதிலிருந்து அப்படியே நின்றுவிட்டது.

ஜப்பானுக்குப் போகாமல் இருக்க முடியாது. கத்தோலிக்கப் பள்ளிகளின் கதை இல்லை இது, ஆனாலும் விதியை வளைப்பதில் உலகத்தின் உச்சம் இதுதான். கழுத்தை இறுக்கும் கறுப்பு கோட் அங்கே பையன்களின் சீருடை. வெளியே ஒரு மாற்றமும் செய்ய முடியாது. உள்ளே? கோட்டின் உள்துணியில் டிராகனும் புலியுமாகப் பூத்தையல் போட்டுக்கொண்டார்கள் எழுபது, எண்பதுகளின் முரட்டுப் பையன்கள்! முழங்கால் வரை நீளும் கோட் ஒரு கூட்டத்துக்கு, இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட் இன்னொரு கூட்டத்துக்கு. சீருடைத் தயாரிப்பாளர்கள், சரியான அளவில் தைத்ததற்கு அத்தாட்சியாகக் கோட்டுக்குள் முத்திரைத் துணி ஒட்டும் நிலை வந்தது. பள்ளி முடிந்து போகும் நாளில், இதயத்துக்கு அருகில் இருக்கும் இரண்டாவது பட்டனை மனதுக்குப் பிடித்த பெண்ணுக்குப் பிய்த்துக் கொடுக்கும் வழக்கமும் அங்கேதான். சீருடையின் கடைசி மீறல், காதல்.

விதி எல்லா நேரத்திலும் விளையாட்டாக முடிவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் படித்த இஸ்லாமிய மாணவன், தன் மத வழக்கப்படி தாடி வைக்க அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனான். 2009 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. அன்று நீதிபதி சொன்ன சொற்கள் பலரைப் புண்படுத்தின. ஜூலையில் அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டு, வழக்கு வேறு நீதிபதிகளிடம் போனது. நாட்டின் உச்ச நீதிமன்றமே தன் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது ஒரு பள்ளிப் பையனின் முகமுடிக்காக! அதனால்தான் சொல்கிறேன், சின்ன விஷயம் என்று இதில் எதுவுமே கிடையாது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் சீருடையின் பொருளே வேறு. அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று பிரிந்தே இருந்தது. பிளேசரின் நிறத்தைப் பார்த்தாலே பையன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கலவரக் காலத்தில் எதிர்த் தரப்பின் தெரு வழியே போகும் பையன்கள் டையைக் கழற்றிப் பையில் போட்டார்கள், பிளேசருக்கு மேல் வேறு கோட்டு மாட்டினார்கள். அது ஃபேஷனுக்காகச் செய்ததல்ல, அடிபடாமல் வீடு போய்ச் சேர்வதற்காக. 1981-ல் பெல்ஃபாஸ்டில் 28 பிள்ளைகளோடு லாகன் கல்லூரி தொடங்கியது. இரு தரப்புப் பிள்ளைகளும் திட்டமிட்டுச் சேர்ந்து படித்த முதல் பள்ளி அது. இரண்டு சமயத்துப் பிள்ளைகளும் ஒரே நிறத்தில் தெருவில் இறங்கி நடந்தது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய காட்சியாக இருந்திருக்கும்!

நம் மண்ணிலும் ஒரு பெரிய உடை வழக்கு நடந்தது, தெரியுமா? 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, சபையின் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். சந்தனம் பூசினார். உயர்சாதியார் கிறிஸ்தவரான பிறகும் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். உடன் இருந்த குருக்களே புகார் எழுதினார்கள். கோவாவில் விசாரணை நடந்தது. மதுரைக் குடுமியும் பூணூலும் ரோம் வரை போயின! 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரியார், மூட வழிபாடு கலக்காத வரை இவற்றை அனுமதித்தார். அதே ஆணையில், குலப்பெருமை கொண்டவர்கள் எளியவர்களை, அதுவும் ஆலயத்துக்குள், இழிவாக நடத்த வேண்டாம் என்று மன்றாடவும் செய்தார். பூணூலை அனுமதித்த கையே அந்த வேண்டுகோளையும் எழுத வேண்டியிருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அந்த வேண்டுகோளுக்கு நம் தமிழ்நாடு தந்த மிக அழகான பதில்களில் ஒன்றுதான் சீருடை. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே துணி வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை போட்டு அழகு பார்த்தார்கள். பண்ணையார் வீட்டுப் பையனும் பண்ணையாள் வீட்டுப் பையனும் ஒரே நிறத்தில் ஒரே பெஞ்சில்! இன்று சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை அரசு கொடுக்கிறது. அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகளின் பிள்ளைகளும் அதில் உண்டு. அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள்.

அப்படிப்பட்ட சட்டையின் கை முடியும் இடத்தில்தான் இப்போது கயிறு கட்டுகிறார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்களின் மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. சாமிக் கயிறு இல்லை, சாதிக் கயிறு. இன்ன நிறம் இன்ன சாதி. 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். அது சர்ச்சையாகி நின்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. சைக்கிளில் பூசும் சாதி வண்ணத்தைக்கூட அந்த அறிக்கை விடவில்லை.

ஃபாதர்களே, பிரதர்களே, தலைமையாசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேன்ட்டை ஓர் அங்குலம் பிடித்துத் தைத்த பையன், தான் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறான். முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டவன் யாரோ ஒரு நடிகனின் ரசிகன், அவ்வளவுதான். லசால் சொன்ன அளவில் அவர்களை விட்டுவிடுங்கள்; அடுத்த ஆண்டு அவர்களே மாறிவிடுவார்கள். நாளை அசெம்பிளியில் முழ அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் போகும்போது கால்சட்டையை அளக்க வேண்டாம். பையன்களின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால், அடிக்காமல், கூட்டத்தில் அவமானப்படுத்தாமல், தனியே அழைத்து உட்காரவைத்து, அதை யார் கட்டிவிட்டது என்று கேளுங்கள். பிறகு அந்தப் பெரியவரையும் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள்.